பஞ்சில்லாத பஞ்சாலைகள்

சிக்கலான பலகை விளையாட்டு ஒன்றை முதன்முறையாக ஆடி எழுபவர்கள், அந்த விளையாட்டை ஆடினார்கள் என்பதைக் காட்டிலும் அதன் விதிப்புத்தகத்தைக் காய்களின் துணையோடு கூட்டாக வாசித்து முடித்தார்கள் என்று சொல்வதே பொருந்தும். மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ நீளும் அந்த அமர்வின் பெரும்பகுதி, எந்தக் காயை எங்கே வைக்கலாம், எதற்கு என்ன விலை, எவருடைய முறை எப்போது வரும் என்ற ஐயங்களைத் தீர்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. இதை வைத்தால் பின்னால் என்ன நேரும் என்னும் கேள்வி, ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்றாலும், ஆட்டம் முடியும் தறுவாயில்தான் தலைகாட்டுகிறது. ஆயினும் பெட்டியை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா, வேறு எவரிடமாவது கொடுத்துவிடுவதா என்ற முடிவு பெரும்பாலும் அன்றிரவே எடுக்கப்படுகிறது. பெட்டிகள் பெரியவை, விலை கூடுதலானவை, அலமாரியில் இடமோ குறைவு. ஆகவே அவசரத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அரைகுறையாக ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தைக் கொண்டு அந்த விளையாட்டைப் பற்றி எதைத்தான் அறிய முடியும் என்ற கேள்வி அந்த அவசரத்தில் விடுபட்டுப் போகிறது.

சிக்கலையும் ஆழத்தையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். ஆடத் தொடங்குமுன் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டிய விதிகளின் சுமையே சிக்கல். அவ்விதிகளிலிருந்து கிளைக்கும் விளைவுகளின் பெருக்கமே ஆழம். கிழக்காசியாவின் கோ விளையாட்டின் விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், விளைவுகளோ ஆயுள் முழுவதும் பயின்றாலும் அடங்குவதில்லை. இதற்கு எதிர்முனையில், பல பத்துப் பக்க விதிகளைச் சுமக்கச் செய்துவிட்டு, கடைசியில் பகடையை உருட்டுவதைத் தவிர வேறெதையும் ஆடுபவரிடம் கேட்காத விளையாட்டுகளும் உண்டு. ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு விருது வழங்கிவரும் நடுவர் குழு, 1995-இல் அவ்விருதைப் பெற்ற கிளவுஸ் டாய்பரின் கட்டான் போன்ற குடும்ப விளையாட்டுகளோடு கனமான விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுத்த முடியாத நிலை வந்தபோது, 2011-இல் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கென்றே தனி விருது ஒன்றை ஏற்படுத்தியது. விதிச் சுமை மிக்க விளையாட்டுகளுக்கென்று ஓர் ஆட்டக்காரர் கூட்டம் உருவாகிவிட்டது என்பதற்கு அது சான்று. அச்சுமை எப்போது தகும் என்பதற்கு அதில் விடை இல்லை.

வைத்துக்கொள்வது என்னும் செயலை மறதியோடு சேர்த்தே எண்ண வேண்டும். நான்கு பேர் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கிக் கூடுவது அன்றாடம் நடப்பதன்று. கனமான பெட்டி மீண்டும் திறக்கப்படும்போது மாதங்கள் கடந்திருக்கும், விதிகளில் பாதி கரைந்திருக்கும், குழுவில் ஒருவர் புத்தகத்தை மறுபடி படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். பெட்டிக்கு உரியவரே பெரும்பாலும் அந்த ஆசிரியர் வேலையையும் ஏற்கிறார் என்பதால், வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை இதை இன்னும் எத்தனை முறை கற்பிக்கச் சம்மதம் என்ற கேள்வியாகிறது. இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் விதிகள் இரு வகையாகப் பிரிகின்றன. ஒன்று, ஏன் என்ற காரணம் தெரிந்தால் புத்தகம் இல்லாமலேயே மீட்டெடுக்கத்தக்க விதி. அதைக் காரண விதி எனலாம். மற்றது, ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்தபோது தென்பட்ட ஏதோ ஓர் ஓட்டையை அடைக்க வடிவமைப்பாளர் பிற்பாடு தைத்த விதி. அதை ஒட்டு விதி எனலாம். ஒட்டு விதிகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை, மனப்பாடமோ முதலில் கரைவது. முதல் ஆட்டம் ஆழத்தைக் காட்டாது, சமநிலையைக் காட்டாது, எந்த உத்தி வெல்லும் என்பதையும் காட்டாது. ஆனால் விதிகளில் எவை காரணத்தின்மேல் நிற்கின்றன, எவை ஒட்டாக நிற்கின்றன என்பதை ஐயமின்றிக் காட்டிவிடும்.

ஆங்கிலேய வடிவமைப்பாளர் மார்ட்டின் வாலஸ் 2007-இல் வெளியிட்ட பிராஸ் இந்தச் சோதனைக்கு ஏற்ற களம். 2018-இல் கனடாவின் ராக்ஸ்லி நிறுவனம் அதைப் புதிய ஓவியங்களோடு பிராஸ்: லங்காஷயர் என்ற பெயரில் மறுபதிப்புச் செய்தது, கூடவே பிராஸ்: பர்மிங்ஹாம் என்ற புதிய உடன்பிறப்பையும் வெளியிட்டது. லங்காஷயரின் களம், தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தின் வடமேற்கு. காலம், 1770 முதல் 1870 வரை. ஆட்டம் கால்வாய் யுகம், இருப்புப்பாதை யுகம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எட்டுச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, தம் முறையில் இரண்டு செயல்களைச் செய்கிறார்கள்: தொழிற்கூடம் கட்டலாம், கால்வாயோ தண்டவாளமோ போட்டு ஊர்களை இணைக்கலாம், பழைய தொழில்நுட்பத்தைக் கைவிட்டு மேம்படுத்தலாம், துணியை விற்கலாம், கடன் வாங்கலாம். நால்வர் ஆடினால் யுகத்துக்கு எட்டுச் சுற்றுகள்; அப்படியானால் ஒருவருக்கு ஆட்டம் முழுவதிலும் கிடைப்பவை முப்பதைச் சற்றே தாண்டும் செயல்கள்தாம். நூறாண்டு வரலாற்றை முப்பது செயல்களில் நடத்தி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியே ஆட்டத்தின் விறுவிறுப்பு.

முதல் முறை ஆடுபவர்களை இதில் திகைக்கச் செய்வது நிலக்கரி விதி. ஒருவர் கட்டிய சுரங்கத்தைக் குறிக்கும் வில்லையின்மேல் கரிக்குரிய சிறு கட்டைகள் அடுக்கி வைக்கப்படுகின்றன. கால்வாய் வழியாக அச்சுரங்கத்தோடு தொடர்புள்ள எவரும், எதிராளிகள் உட்பட, அக்கரியைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். உழைத்துக் கட்டிய சுரங்கத்தை அடுத்தவர் வெறுமையாக்குவது கொள்ளையாகத் தோன்றும். ஆனால் கடைசிக் கட்டை எடுக்கப்பட்ட கணத்தில் சுரங்கத்தின் வில்லை மறுபக்கம் புரட்டப்படுகிறது, உரிமையாளரின் வருமானம் படியேறுகிறது, யுகத்தின் முடிவில் அவருக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. எவரும் எடுக்காமல் கரி அப்படியே கிடந்தால் அந்தச் சுரங்கத்தால் ஒரு புள்ளியும் இல்லை. முதலீடு என்பது வாடிக்கையாளர் கிடைத்த பிறகே முதலீடாகிறது என்ற பொருளியல் உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். காரணம் பிடிபட்டவுடன் விதி மறப்பதில்லை. அதோடு, எதிராளியின் கரியை எடுத்துத் தமது ஆலையைக் கட்டுவது அவருக்குச் செய்யும் உதவியுமாகிறது என்ற கசப்பான கணக்கு ஒவ்வொரு செயலிலும் ஒட்டிக்கொள்கிறது.

இரும்புக்கு அந்தத் தொடர்பு வேண்டியதில்லை. பலகையின் எந்த மூலையில் இரும்பாலை இருந்தாலும் அதிலிருந்து எடுக்கலாம். முதற்பார்வைக்கு இது ஒட்டு விதி போலத் தெரிந்தாலும், ஆலைக்கு வேண்டிய இரும்பின் அளவு சிறிது, வண்டியிலேற்றிச் சாலை வழியே கொண்டுபோகலாம், கரியோ மலைபோல் வேண்டும், அதைச் சுமக்க நீர்வழி வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் துலங்கிவிடும். வொர்ஸ்லியின் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்டருக்கு பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் வெட்டப்பட்டதும், அதன் பின் நகரில் கரி விலை பாதியளவுக்கு வீழ்ந்ததும் இந்த ஒரு விதிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடன் விதியும் இப்படிப்பட்டதே. 30 பவுண்டு வரை கடன் பெறலாம், அசலைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. வருமானம் மட்டும் சில படிகள் இறங்கி, மறுபடி உழைத்து ஏற்றும்வரை கீழேயே நிற்கும். அடுத்த சுற்றில் முதலில் ஆடுபவர் யார் என்பதை, இந்தச் சுற்றில் குறைவாகச் செலவு செய்தவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. சிக்கனக்காரர் முந்துகிறார், ஊதாரி பிந்துகிறார். ஆனால் ஒரு சுற்றில் கடைசியாக ஆடியவர் அச்சுற்றில் எல்லோரையும்விடக் குறைவாகச் செலவழித்தால், அடுத்த சுற்றை அவரே தொடங்கி, இரண்டு முறைகளைத் தொடர்ச்சியாக ஆடிவிடலாம். இது விதிப்புத்தகத்தில் தனியாக எழுதப்படாத, விதியிலிருந்து தானே முளைத்த உத்தி. ஆழம் என்பது இப்படித்தான் முளைக்கிறது.

யுகமாற்ற விதி சற்றுக் கொடூரமானது. கால்வாய் யுகம் முடிந்து புள்ளிகள் எண்ணப்பட்டதும் எல்லாக் கால்வாய்களும், முதல் நிலைத் தொழிற்கூடங்கள் யாவும் பலகையிலிருந்து அகற்றப்படுகின்றன. இரண்டாம் நிலையும் அதற்கு மேலும் உள்ளவை மட்டுமே எஞ்சி, ஆட்ட முடிவில் இரண்டாம் முறையும் புள்ளி தருகின்றன. முதல் ஆட்டத்தில் இதை வாயால் சொல்லியும் எவர் மனத்திலும் அது ஏறுவதில்லை, அகற்றும்போதுதான் ஏறுகிறது. வரலாறு இவ்வளவு அடியோடு துடைத்துவிடவில்லை. லிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதை 1830-இல் திறக்கப்பட்ட பின்னும் கால்வாய்களில் நெடுங்காலம் சரக்கு சென்றுகொண்டிருந்தது. இருந்தாலும் மிகைப்படுத்தப்பட்ட காரணமும் காரணமே, மிகை அதை மறக்க முடியாததாக்கவும் செய்கிறது.

காரணம் இருந்தால் மட்டும் போதுமா என்ற ஐயத்தை எழுப்புவதற்கென்றே படைக்கப்பட்டது போல ஒரு விளையாட்டு இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவின் எஸ்.பி.ஐ. நிறுவனத்துக்காக ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆஃப்ரிக்கா, இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் போர்முனையைப் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஆட்டம். முழுமையாக ஆட 1,500 மணி நேரம் பிடிக்கும் எனக் கணக்கிடப்படுவது. அதில் இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்ற விதி வெகுவாகப் பேசப்படுவது. இன்னொன்று, எரிபொருள் ஆவியாகும் விதி: ஒவ்வொரு முறையும் மற்றவர்களின் கையிருப்பில் 3 விழுக்காடு குறையும், பிரிட்டிஷாருக்கோ, அவர்களுடைய கலங்கள் தரம் குறைந்தவை என்பதால், ஒரு குறிப்பிட்ட காலம் வரை 7 விழுக்காடு குறையும். இவை ஒட்டு விதிகளே அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போர்க்களக் காரணம் சொல்லப்படுகிறது. ஆனாலும் ஆவியாகிப்போன எரிபொருளைக் கழிப்பவர் எந்த முடிவையும் எடுப்பதில்லை, கணக்கு மட்டும் எழுதுகிறார். பிராஸின் கரி விதியில் காரணம் எதிரே அமர்ந்திருப்பவரின் நன்மையாகவோ தீமையாகவோ மாறுகிறது. பெர்க்கின் விதியில் அது பேரேட்டில் ஒரு வரியாக முடிந்துவிடுகிறது. ஆகவே சோதனைக்கு ஒரு திருத்தம் வேண்டும்: விதியின் காரணம் ஒரு தேர்வைத் தூண்ட வேண்டும், தேர்வு இன்னொருவரைத் தொட வேண்டும். அந்தப் பெட்டியை ஆடுவதற்காக வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. சேகரிப்புப் பொருளாக வைத்திருப்பவர்களைக் குறைசொல்ல இக்கட்டுரைக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

ஆட்டக்காரர்களிடையே லங்காஷயரைவிட பர்மிங்ஹாமுக்கே செல்வாக்கு அதிகம், அது மேலும் விரிந்த, தேர்வுகள் மிகுந்த விளையாட்டு என்பதிலும் ஐயமில்லை. எனினும் மேற்சொன்ன அளவுகோலால் பார்த்தால் அது ஒரு படி கீழே நிற்கிறது. அங்கே சரக்கை விற்க பீர் வேண்டும். தமது மதுவாலையின் பீரைத் தொடர்பின்றியே எடுக்கலாம், எதிராளியின் பீருக்குத் தொடர்பு வேண்டும், வணிகரிடம் உள்ள பீப்பாயையோ அந்த வணிகருக்கே விற்கும்போது மட்டும்தான் பயன்படுத்தலாம்; இருப்புப்பாதை யுகத்தில் ஒரே செயலில் இரண்டு தண்டவாளங்கள் போடவும் பீர் வேண்டும். தண்டவாளம் போடும் கூலிகளின் தாகத்தைச் சொல்லிக் கடைசி விதிக்குச் சமாதானம் தேடலாம், சிரித்துக்கொண்டே தேடவும் செய்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் அதுவும் கிடைப்பதில்லை. கரிக்கு ஒரு வழி, இரும்புக்கு ஒரு வழி, பீருக்கு மூன்று வழி என்றாகும்போது, சில மாதங்கள் கழித்துப் பெட்டியைத் திறப்பவர் புத்தகத்தைப் புரட்டியே ஆக வேண்டும். லங்காஷயரில் பீர் இருக்கும் இடத்தில் துறைமுகமும் தொலைதூரச் சந்தையும் இருக்கின்றன. தொடர்புள்ள ஒரு துறைமுகத்தின் வழியே துணியை விற்றால், அத்துறைமுகம் எவருடையதானாலும், ஆலையின் வில்லையும் துறைமுகத்தின் வில்லையும் சேர்ந்து புரள்கின்றன. இல்லையேல் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பலாம். அப்போது கவிழ்த்து வைத்த வில்லை ஒன்றைத் திறக்க வேண்டும், அதில் உள்ள எண்ணுக்கேற்பச் சந்தையின் தேவை இறங்கும், அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால் அங்கே வாங்க ஆளில்லை.

கையில் வந்து சேரும் சீட்டுகளை விட்டால், இந்த விளையாட்டில் தற்செயல் என்று சொல்லத்தக்கது அந்தச் சந்தை ஒன்றே. மற்ற அனைத்துக்கும் காரணம் காட்டும் பலகை, அந்த ஓரத்தில் மட்டும் காரணம் சொல்லாமல் வில்லையைத் திறக்கச் சொல்கிறது. தமிழ் ஆட்டக்காரர் ஒருவரின் கண் அங்கே நிலைத்தால் அதில் வியப்பில்லை, ஏனெனில் அச்சந்தையின் மறுமுனைகளில் ஒன்று சோழமண்டலக் கரை. ஒரு காலத்தில் துணி எதிர்த்திசையில் சென்றது; அந்தத் துணியிலிருந்து உள்நாட்டு நெசவைக் காக்கவே பிரிட்டன் 1700-இலும் 1721-இலும் சட்டங்கள் இயற்றி, முதலில் அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணிகளின் இறக்குமதியையும், பிறகு அவற்றை விற்பதையும் உடுத்துவதையும் தடுத்தது. அந்த வேலிக்குள்தான் லங்காஷயர் வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் 1813-இல் நீக்கப்பட்டதும் துணியின் திசை திரும்பியது. சென்னை மாகாணத்தின் கைத்தறி நெசவாளர்கள் ஆலைத்துணியோடு போட்டியிட்டுக்கொண்டே, தறியில் ஆலைநூலை ஏற்றவும் பழகினார்கள். அழிவு என்ற ஒரே சொல்லால் அந்த வரலாற்றை முடித்துவிடுவது எளிது, ஆனால் முழு உண்மை அதில் அடங்காது. எப்படியானாலும், தொலைதூரச் சந்தையின் தேவை ஏறியதும் இறங்கியதும் சட்டத்தாலும் தீர்வையாலும் ஆட்சியாலும். தற்செயலுக்கு அங்கே பங்கு சிறிது.

இதைவிடப் பெரிய மௌனம் பலகையின் நடுவிலேயே இருக்கிறது. பஞ்சாலை கட்டப் பணம் வேண்டும், உயர்ந்த நிலைகளுக்குக் கரியும் இரும்பும் வேண்டும், பஞ்சு வேண்டியதில்லை. பருத்தி எங்கிருந்தும் வருவதில்லை, எவராலும் பறிக்கப்படுவதில்லை. 1850-களின் முடிவில் பிரிட்டனின் ஆலைகளுக்கு வந்த பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. உள்நாட்டுப் போர் மூண்டு 1861-இல் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும், லங்காஷயரில் ஆலைகள் மூடி லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1865 வரை நீடித்த அந்தக் காலத்துக்குப் பருத்திப் பஞ்சம் என்றே பெயர். அத்தனை துன்பத்திலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862-இன் கடைசி நாளில் கூடி அடிமை ஒழிப்புக்கு ஆதரவாக லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள், அவர் மறுமாதம் பதில் எழுதினார். அமெரிக்கப் பருத்தி நின்றதால் இந்தியப் பருத்திக்குக் கிராக்கி பெருகியது; பிரிட்டிஷ் வணிகத்தில் டின்னவெல்லி என்ற தனிப்பெயரோடு புழங்கிய நெல்லைச் சீமைப் பருத்தி தூத்துக்குடி வழியே கப்பலேறியது. ஆட்டத்தின் காலம் 1870 வரை என்று பெட்டி சொல்கிறது, ஆகவே இவை யாவும் அக்காலத்துக்கு உட்பட்டவை. ஆனால் ஆட்டத்தின் கடைசிச் சுற்றிலும் ஆலைகள் தடையின்றி எழும்புகின்றன.

ஒரு விளையாட்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. எல்லாவற்றையும் சொல்ல முயன்றதால் நேர்ந்ததை பெர்க்கின் பெட்டியில் பார்த்தாயிற்று. ஆனால் காரணமே இல்லாத விளையாட்டில் இந்த மௌனம் எவருடைய கண்ணிலும் பட்டிருக்காது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கரி ஏன் இப்படி, இரும்பு ஏன் அப்படி என்று கேட்கப் பழக்கிய விதிகள்தாம், பஞ்சு ஏன் எங்குமே இல்லை என்று கேட்கவும் வைக்கின்றன. தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும் அளவுக்கு ஒரு விளையாட்டின் விதிகள் சீராக இருந்தால், அக்குறையை அதை வெளியேற்றுவதற்கான காரணமாகக் கொள்வது நன்றி மறந்த செயலாகும்.

வீட்டு விதி ஒன்றைச் சேர்த்து இதைச் சரிசெய்யலாமே என்று தோன்றக்கூடும். ஆட்டக்காரர்கள் தமக்குள் இசைந்து அச்சிட்ட விதிகளோடு சேர்த்துக்கொள்வதை வீட்டு விதி என்கிறார்கள். இருப்புப்பாதை யுகத்தின் பிற்பகுதியில் இரண்டு சுற்றுகளுக்குப் புதிய ஆலைகள் கட்டவோ துணி விற்கவோ முடியாது என்று விதித்தால் பருத்திப் பஞ்சம் பலகைக்கு வந்துவிடும். ஆனால் அப்போது நடப்பது என்ன? பஞ்சம் எப்போது வரும் என்பது அனைவருக்கும் முன்கூட்டியே தெரியுமாதலால், எல்லோரும் அதற்குமுன் விற்றுத் தீர்த்துவிட்டுக் கப்பல் கட்டும் தளங்களுக்கு மாறிவிடுவார்கள். வரலாற்றில் எவருக்கும் வாய்க்காத முன்னறிவு அது. எப்போது என்று தெரியாதபடி ஒரு வில்லையில் ஒளித்து வைத்தாலோ, ஆலைகளில் முதலிட்டவர் தம் பிழை எதுவும் இல்லாமல் தோற்பார். அது வரலாற்றுக்கு நெருக்கமானது, ஆட்டத்துக்குப் பகையானது. எப்படிச் சேர்த்தாலும் அது ஒட்டு விதியாகவே நிற்கும், ஏனெனில் அதன் காரணம் பலகைக்கு வெளியே, ஆடும் நால்வரில் எவருடைய கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது.

ஆகவே, இரண்டு பெட்டிகளையும் ஆடிப் பார்த்துவிட்டு அலமாரியில் ஒன்றுக்கே இடம் காணும் குழு, லங்காஷயரை வைத்துக்கொள்வதே தக்கது. மாதந்தோறும் தவறாமல் கூடுகிற, மறதிக்கு இடம் தராத குழுவுக்கு மட்டும் இத்தீர்ப்பு பொருந்தாது, பர்மிங்ஹாமின் விரிவு அவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். எப்பெட்டியானாலும் முதல் ஆட்டத்தில் வென்றவரைக் கேட்டு முடிவெடுப்பதைக் காட்டிலும், கடைசி இடத்தில் வந்தவரிடம் எந்த விதியால் தோற்றார் என்று கேட்பது பயன் தரும். தோற்ற காரணத்தை அவர் புத்தகத்தைத் திறக்காமல் விளக்கிவிட்டால் பெட்டி வீட்டிலேயே இருக்கலாம். விளக்க முடியாமல் பக்கத்தைத் தேடத் தொடங்கினால், விலை இறங்குமுன் விற்றுவிடலாம்.